புழக்கடைக் கோழியும் ஆடும்: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் முறை

நாலைந்து கோழி, ஒன்றிரண்டு ஆடு, ஓடியாடும் பிள்ளைகள் என்று இருக்கிற வீட்டில் ஒரு பிராணி சோர்ந்து நின்றால், மருந்தைத் தேடுவதற்கு முன் வீட்டில் இருக்கிற எல்லாரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: கடந்த மூன்று நாளில் என்ன மாறியது? தீவன மூட்டை புதிதா? வழக்கமாகத் தீனி வைப்பவர் ஊரில் இல்லாமல் வேறொருவர் வைத்தாரா? புதிதாக ஏதாவது பிராணி வந்ததா? வெயில் திடீரென்று ஏறியதா, மழை பிடித்துத் தரை நனைந்ததா? கிருமிதான் காரணம் என்றாலும், அது உள்ளே நுழைய இடம் கொடுத்தது பெரும்பாலும் இப்படி ஒரு மாற்றமாகத்தான் இருக்கும். அந்த மாற்றத்தை நேரில் பார்த்தவர் வீட்டிலேயே இருப்பார். அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் சில அறிகுறிகளில் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. ஆட்டின் இடது வயிறு பந்துபோல் எழும்பி மூச்சு வாங்குவது, கிடா சிறுநீர் கழிக்க முக்கி முக்கி ஒரு சொட்டும் வராமல் கத்துவது, முயல் அரை நாளாக எதையும் கடிக்காமல் புழுக்கையும் போடாமல் இருப்பது, ஒரே நாளில் பல கோழிகள் சாவது. இவற்றில் எதைப் பார்த்தாலும் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் மேலே படியுங்கள். கடைசியாகச் சொன்னதில் இன்னொன்றும் உண்டு. பறவைக் காய்ச்சலாக இருக்க வாய்ப்பிருப்பதால் செத்த கோழிகளை வெறுங்கையால் தொட வேண்டாம், பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம், கறிக்காக அறுக்கவும் வேண்டாம்.

முட்டை குறைந்துவிட்டது, அல்லது நின்றேவிட்டது

முதல் சந்தேகம் கோழியின் மேல் வேண்டாம். முட்டை இடுகிறதா இல்லையா என்பது ஒரு கேள்வி, இட்ட முட்டை உங்கள் கைக்கு வருகிறதா என்பது வேறு கேள்வி. திறந்து மேய்கிற கோழி புதர் அடியிலோ விறகுக் குவியலுக்குப் பின்னாலோ தனியாக ஓர் இடம் பிடித்திருக்கும். இரண்டு மூன்று நாள் மதியம் வரை கூண்டிலேயே அடைத்து வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கோழிகள் விடிந்த சில மணி நேரத்துக்குள் இட்டுவிடும். அடைத்த நாளில் முட்டை வந்தால் கோழிக்குக் கோளாறில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. முட்டை எடுக்கப் போகிற பிள்ளையையும் கேளுங்கள். பெட்டிக்குள் கை விடப் பயந்து ஓரத்தில் இருப்பதை மட்டும் எடுத்து வருகிற பிள்ளைகள் உண்டு.

உண்மையிலேயே இடவில்லை என்றால் அடுத்து இறகைப் பாருங்கள். தரையில் இறகு கொட்டிக் கிடந்து, கழுத்திலும் முதுகிலும் முள் போலப் புது இறகு முளைக்கிறதா? ஆண்டுக்கு ஒருமுறை கோழி பழைய இறகை உதிர்த்துப் புதிது வளர்க்கும். இறகு கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். அதை வளர்த்துக்கொண்டே முட்டையும் இட அதன் உடம்பில் தெம்பு இருக்காது. இரண்டு மூன்று மாதம்கூட நிற்கும். இது நோயல்ல, மருந்தும் வேண்டாம். புரதம் கூடுதலான தீவனம் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். முளைக்கிற இறகின் அடித்தண்டில் இரத்தம் ஓடுவதால் பிடித்தால் வலிக்கும். அந்த நாட்களில் பிள்ளைகள் தூக்கிக் கொஞ்ச வேண்டாம்.

இறகு சரியாக இருந்தால் வெளிச்சத்தை நினைத்துப் பாருங்கள். முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். பகல் குறுகும் பருவத்தில் முட்டை குறைவது இயல்பு. வெயில் காலத்தில் வேறு காரணம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். 30 டிகிரி செல்சியஸ் தாண்டினால் இதைப் பார்க்கலாம். சூட்டில் தீனி எடுப்பது குறையும், முட்டையும் குறையும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்து, தீவனத்தை அதிகாலைக்கும் அந்திக்கும் மாற்றுங்கள்.

பெட்டியை விட்டு எழாமல், கை நீட்டினால் உடம்பைப் பருக்கிக்கொண்டு கொத்த வருகிறதா? அடைக்குப் படுத்திருக்கிறது. குஞ்சு வேண்டுமென்றால் கருவுள்ள முட்டையை வைத்துவிடுங்கள், 21 நாளில் பொரிக்கும். வேண்டாம் என்றால், தீனியும் தண்ணீரும் வைத்து, அடியில் காற்றுப் போகிற கம்பி வலைக் கூண்டில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். அடிவயிற்றுச் சூடு தணிந்ததும் அடை கலைந்துவிடும். தண்ணீரில் முக்கி எடுப்பது எனக்குச் சம்மதமில்லை. அது கோழியைப் பயமுறுத்தும், வேறு ஒன்றும் செய்யாது.

இத்தனையும் இல்லையென்றால் தீனிக்கு வாருங்கள். குடும்ப வீடுகளில் நான் அதிகம் பார்க்கிற காரணம் இதுதான்: அன்பு. பாட்டி ஒரு பிடி தானியம் போடுவார், பள்ளி விட்டு வந்த பிள்ளை ரொட்டித் துண்டு போடும், அம்மா மீந்த சாப்பாட்டைக் கொட்டுவார். ஒவ்வொன்றும் சின்ன அளவு. மொத்தமாகக் கூட்டினால் கோழியின் வயிறு நிறைந்துவிட்டிருக்கும். முட்டைக்குத் தேவையான 16 சதவீதப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள தீவனம் தொட்டியில் அப்படியே கிடக்கும். மற்ற தின்பண்டமெல்லாம் சேர்ந்து மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதுவும் கோழி தீவனம் தின்று முடித்த பிறகு, மாலையில்.

ஓடு மெலிதாக இருக்கிறது, கோழியே முட்டையைக் குத்தித் தின்கிறது

இரண்டையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம், முதலாவது நடந்தால் இரண்டாவது பின்னாலேயே வரும் என்பதுதான். ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். ஓர் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் போகிறது. அந்த ஓடு உருவாக 20 மணி நேரம்போல ஆகும், அதில் பெரும்பகுதி இரவு. அதனால் கிளிஞ்சல் தூளைத் தீவனத்தோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வையுங்கள். மாலையில் தேவையான கோழி தேவையான அளவு எடுத்துக்கொள்ளும். வெயிலில் விடாமல் மூச்சு வாங்குகிற கோழியின் இரத்தத்தில் கரியமில வாயு குறைவதாலும் ஓடு மெலியும். அதற்குக் கிளிஞ்சல் மட்டும் போதாது, நிழல் வேண்டும்.

மெல்லிய ஓடு தற்செயலாக உடையும், கோழி ருசி பார்க்கும், பழகிவிடும். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை முட்டை எடுப்பது, பெட்டியை இருட்டாக்குவது, அடியில் நிறைய வைக்கோல் போடுவது, பீங்கான் முட்டை ஒன்றைப் போட்டு வைப்பது. தொடக்கத்திலேயே இவற்றைச் செய்தால் பழக்கம் நிற்கும். முட்டை ஓட்டையே தீனியாகப் போடுவதென்றால் நன்றாகக் காய வைத்துப் பொடியாக்கிப் போடுங்கள், முட்டையின் வடிவம் தெரியக் கூடாது.

பொழுது சாய்ந்தும் கோழி கூண்டுக்குள் போக மறுக்கிறது

நேற்று வரை தானாகப் போய் ஏறிய கோழி இன்று மரக்கிளையில் உட்காருகிறது, விரட்டி அடைத்தால் உள்ளேயே அலைகிறது. கோழி அடம் பிடிக்கிறது என்று எண்ணாமல் கூண்டைச் சோதியுங்கள். பாம்பு உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நன்றாக இருட்டி இரண்டு மணி நேரம் ஆன பிறகு ஒரு டார்ச்சும் வெள்ளைத் துணியும் எடுத்துப் போங்கள். கோழி ஏறி உட்காருகிற கட்டையின் அடிப்புறத்தைத் துணியால் அழுத்தித் துடைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். துணியில் சிவப்புத் தீற்றல் விழுந்திருந்தால் அது நசுங்கிய உண்ணியிலிருந்து வந்த கோழி இரத்தம். கட்டை சுவரில் பொருந்துகிற மூலையில் வெளிச்சம் அடித்தால், மிளகாய்ப் பொடி சிந்தியது போலத் தெரிவது மெதுவாக நகரும்.

இந்தச் சிவப்பு உண்ணி பகலில் கோழியின் மேல் இருக்காது. மரப் பிளவுகளில் ஒளிந்திருந்து இரவில் மட்டும் வந்து உறிஞ்சும். அதனால்தான் பகலில் கோழியைத் தூக்கி இறகு இறகாகப் பிரித்துப் பார்த்தவர்கள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். கொண்டை வெளுத்து, முட்டை குறைந்து, அடைக்குப் படுத்த கோழி கூட்டிலேயே செத்துக் கிடக்கும்வரை போகலாம். கோழியே இல்லாத கூண்டிலும் பல மாதம் உயிரோடு இருக்கக்கூடியது இது. மருந்து போட வேண்டியது முக்கியமாகக் கூண்டுக்கு. படுகை முழுவதையும் வாரி எரித்துவிட்டு, கழற்ற முடிந்த கட்டைகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, வெயிலில் போட்டு, பிளவுகளை அடைத்து, மருத்துவர் சொல்கிற மருந்தை அடியுங்கள். ஒரு வாரத்துக்குள் மறுபடியும் அடிக்க வேண்டும். முதல் தடவை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். வீட்டில் யாருக்காவது கையில் காரணம் தெரியாத அரிப்பு இருந்தால், அவர்தான் முட்டை எடுப்பவராக இருப்பார்.

பேன் இதிலிருந்து வேறு. அது கோழியின் உடம்பிலேயே வாழும். ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஈர் தெரியும். பகலிலேயே பார்க்கலாம்.

குறுகி, இறகைப் பருக்கிக்கொண்டு ஒரு மூலையில் நிற்கிறது

கோழி தன் நோயை மறைக்கிற பிராணி. குறுகி நிற்பது தெரிய வருகிறபோதே நாள் கடந்திருக்கும். அந்தக் கோழியைத் தனியாக எடுத்து வைத்து, அடியில் வெள்ளைத் தாள் விரித்து, எச்சத்தைப் பாருங்கள்.

இளங்குஞ்சாக இருந்து எச்சத்தில் இரத்தம் இருந்தால் இரத்தக் கழிச்சல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று முதல் ஆறு வார வயதில் இது அதிகம், ஈரமான படுகையில் வேகமாகப் பரவும். மருத்துவர் தருகிற மருந்தைத் தண்ணீரில் கலக்கச் சொன்னால் வேறு தண்ணீர் எதுவும் எட்டாதபடி வையுங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சு இழுத்து, கழுத்து முறுக்கிக்கொண்டால் வெள்ளைக் கழிச்சல். அதற்கு மருந்தில்லை, தடுப்பூசிதான். மீதிக் கோழிகளைப் பற்றி அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒருமுறை வருகிற, பழுப்பாக, பசை போல, நாற்றம் அதிகமாக இருக்கிற எச்சம் நோயல்ல. குடல்வாலிலிருந்து வருவது, ஆரோக்கியமான கோழிக்கும் உண்டு.

எச்சத்தில் ஒன்றும் புரியவில்லை என்றால் மறுநாள் விடியற்காலை, தீனி வைப்பதற்கு முன், கழுத்தடியில் இருக்கிற தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். இரவு முழுக்கச் செரித்து அது காலியாகத் தட்டையாக இருக்க வேண்டும். கல் போல இருந்தால் அடைப்பு, புல்லோ நாரோ சிக்கியிருக்கிறது. தளதளவென்று இருந்து வாயில் புளித்த வாடை அடித்தால் பூஞ்சை. தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. மூச்சுக்குழலில் ஏறி அங்கேயே செத்துவிடும், அதைச் செய்யாதீர்கள்.

முட்டையிடும் பருவக் கோழி நிமிர்ந்து நின்று, வாலை ஆட்டி ஆட்டி முக்குகிறதா? முட்டை சிக்கியிருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு வரை 20 நிமிடம்போல உட்கார வைத்து, துடைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் இடாது. சில மணி நேரத்தில் வராவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். உள்ளே உடைக்க முயல வேண்டாம்.

குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன

குளிர். விளக்கைத் தாழ்த்துங்கள். விளக்கை விட்டு விலகி வாய் திறந்து கிடந்தால் சூடு அதிகம், உயர்த்துங்கள். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று வருகிறது. முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வந்தால் போதும்.

காலையில் ஒரு கோழியைக் காணோம்

தலை மட்டும் இல்லாமல் உடல் வலையோரம் கிடந்தால், வெளியிலிருந்து ஏதோ வலை வழியாக இழுத்திருக்கிறது. பல கோழிகள் கடிபட்டு, தின்னாமல் சிதறிக் கிடந்தால் நாய், சில சமயம் வீட்டு நாயே. இறகு மட்டும் சிதறி உடல் இல்லை என்றால் தூக்கிப் போகிற அளவுள்ள விலங்கு. முட்டையோ சின்னக் குஞ்சோ சுவடே இல்லாமல் மறைந்தால் பாம்பு அல்லது எலி. அறுகோணக் கண்ணுள்ள கோழி வலை, கோழியை உள்ளே நிறுத்துமே தவிர எதிரியை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலை போடுங்கள். அடியில் 30 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறக்குங்கள், அல்லது வெளிப்பக்கமாகப் படுக்க வையுங்கள். அப்புறம் வீட்டில் கேளுங்கள்: நேற்று மாலை கதவைச் சாத்தியது யார்? யாரையும் திட்டுவதற்காக இல்லை. ‘அவர் சாத்தியிருப்பார்’ என்று இரண்டு பேர் நினைத்த இரவில்தான் கோழி போகிறது. ஒரே ஆள், ஒரே நேரம் என்று வைத்துவிடுங்கள்.

ஆடு தீனியைத் தொடவில்லை

ஆட்டின் இடப்பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் ஒரு குழி இருக்கும். முதல் சோதனை அங்கேதான். ஆட்டை மட்டமான தரையில் நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையை அந்தக் குழியில் மெல்ல அழுத்தி வையுங்கள். ஒரு நிமிடம் பொறுத்தால் உள்ளே ஏதோ மெதுவாகப் புரண்டு கையைத் தள்ளிவிட்டு அடங்குவது தெரியும். அது அசையூண் இரைப்பை சுருங்கி விரிவது. நிமிடத்துக்கு ஒன்று இரண்டு முறை இருக்க வேண்டும். காதை வைத்தால் தூரத்து இடி போலக் கேட்கும். ஆடு நன்றாக இருக்கிறபோதே பிள்ளைகளைக் கை வைத்துப் பழக்குங்கள். நலமாக இருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த கைக்குத்தான் கோளாறு தெரியும்.

குழி இல்லாமல் பக்கம் எழும்பி, தட்டினால் முரசு போல ஒலித்தால் உப்புசம். ஈரமான இளம் பயறு வகைத் தழையை வெறும் வயிற்றில் நிறைய மேய்ந்தால் நுரைத்து உப்பும். மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் வரும்வரை ஆட்டின் முன்னங்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, இடப்பக்கத்தை நீவிவிட்டு, மெல்ல நடக்க வையுங்கள். நுரை உப்புசம் என்று அவர் சொன்னால், வளர்ந்த ஆட்டுக்கு 100 மில்லி சமையல் எண்ணெய் கொடுக்கலாம். வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்க விட்டு, தலையை மட்டத்துக்கு மேல் தூக்காமல் கொடுக்க வேண்டும். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். படுத்துவிட்ட ஆட்டுக்கு வாய்வழி எதுவும் ஊற்றாதீர்கள்.

குழியில் அசைவே இல்லாமல், வயிறு தண்ணீர்ப் பை போலத் தளும்பி, சாணம் இளகி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் தானியத்தைத் தேடுங்கள். தீவன அறைக் கதவு திறந்திருந்ததா? மூட்டை சரிந்திருக்கிறதா? அளவுக்கு மேல் தின்ற தானியம் இரைப்பையில் அமிலமாக மாறிவிடும். இதன் கொடுமை என்னவென்றால், தின்ற உடனே ஆடு நன்றாகவே இருக்கும், அறிகுறி வர அரை நாளுக்கு மேல் ஆகலாம். அதனால் தானியத்தில் வாய் வைத்த ஆட்டைப் பார்த்துவிட்டால் நோய் வரும் வரை காத்திராமல் அப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள், காய்ந்த புல்லை மட்டும் போடுங்கள். திருடித் தின்றது என்றில்லை, வீட்டில் காலையில் ஒருவர் அடர்தீவனம் வைத்து, அது தெரியாமல் இன்னொருவரும் வைத்தாலும் இதே கதைதான். கொட்டில் வாசலில் ஒரு கரும்பலகைத் துண்டைத் தொங்கவிட்டு, வைத்தவர் ஒரு கோடு போட வேண்டும் என்று வையுங்கள். எழுதத் தெரியாத குழந்தையும் கோடு போடும்.

வயிறு சரியாக இருந்தால் உடல் வெப்பம். ஆட்டுக்கு 38.5 முதல் 39.5 டிகிரி வரை இயல்பு, வெயில் நாளில் சற்றுக் கூடலாம். 40ஐத் தாண்டி நின்றால் காய்ச்சல். வெப்பம் இறங்கியிருப்பது அதைவிட ஆபத்து. எதைக் கடித்தது என்றும் பாருங்கள். அரளி ஆட்டுக்கு உயிர்போகும் விஷம், சில இலைகளே போதும். உன்னிச்செடி, ஆமணக்கு, இளம் சோளப் பயிர் இவையும் ஆகாது. வேலி வெட்டிய இலைகளை யாரோ நல்ல எண்ணத்தில் கொட்டிலுக்குள் போட்டிருப்பார்கள், கேளுங்கள்.

தின்கிறது, ஆனாலும் மெலிகிறது. தாடைக்குக் கீழே தொங்குகிறது

கீழ் இமையை விரலால் மெல்ல இறக்கி உட்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் கவனம். வெள்ளை என்றால் அந்த ஆட்டின் இரத்தத்தை ஹீமாங்கஸ் என்ற இரைப்பைப் புழு குடித்துக்கொண்டிருக்கிறது என்பதே முதல் சந்தேகம். தாடை வீக்கம் அதன் பின்கட்டம், இரத்தத்தில் புரதம் குறைந்ததால் நீர் கோத்திருக்கிறது. ஒரு பெண் புழு ஒரு நாளில் 5,000 முட்டைக்கு மேல் இடும் என்பதால், சின்ன இடத்தில் அடைத்து வளர்க்கிற வீடுகளில் இது வேகமாக ஏறும். இமை நிறத்தை ஐந்து படிகளாகப் பிரித்த வண்ண அட்டை தென்னாப்பிரிக்காவில் உருவாக்கப்பட்டது, இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. அதன் பயன், எல்லா ஆட்டுக்கும் நாள் குறித்து மருந்து ஊற்றாமல் தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும் கொடுப்பது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஊற்றினால் மருந்துக்கு மசியாத புழுதான் மிஞ்சும். எடை போட்டு, முழு அளவு கொடுங்கள். குறைந்த அளவு கொடுப்பதும் அதே கெடுதல்.

புழுவின் இளம்பருவம் பனி ஈரத்தில் புல்லின் மேலே ஏறும், தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்கும். பனி காய்ந்த பிறகு மேய விடுங்கள், தரையை ஒட்ட மேய விடாதீர்கள். தழையைத் தரையில் போடாமல் உயரக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆடு இயல்பாகவே தலையைத் தூக்கித் தழை கடிக்கும் பிராணி.

ஆடு ஓயாமல் கத்துகிறது

தனி ஆடு என்றால் அதுவே காரணம். ஆட்டுக்குத் துணை வேண்டும், ஒற்றை ஆடு வளர்க்காதீர்கள். பெட்டையாக இருந்து, வாலை விடாமல் ஆட்டிக்கொண்டு ஒன்றிரண்டு நாள் கத்தி ஓய்ந்து, 18 முதல் 21 நாளில் மறுபடி கத்தினால் பருவத்துக்கு வந்திருக்கிறது. குட்டியைப் பிரித்தால் சில நாள் கத்தும்.

பாலில் வாடை, அல்லது திரிதிரியாக வருகிறது

ஒவ்வொரு முறையும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியின் மேல் பீச்சிப் பாருங்கள். கட்டியோ திரியோ இரத்தமோ தெரிந்தால், மடி சூடாகக் கெட்டியாக இருந்தால், மடிநோய். அந்தப் பாலை யாரும் குடிக்கக் கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும், அந்த ஆட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும். பால் பார்வைக்கு நன்றாக இருந்து வாடை மட்டும் அடித்தால் கிடா பக்கத்தில் கட்டியிருக்கிறதா, பாத்திர விளிம்பில் பழைய பால் ஒட்டியிருக்கிறதா, கறந்த பால் குளிர வைக்காமல் வெகுநேரம் இருந்ததா என்று வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவதுதான்.

நாற்றம், கூவல், பக்கத்து வீட்டார்

நாற்றத்தை நின்றபடி முகராதீர்கள். கோழியின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து முகருங்கள். அங்கே கண் எரிந்தால் அமோனியா அளவு மீறிவிட்டது, பக்கத்து வீட்டார் சொல்வதற்கு முன்பே கோழியின் நுரையீரல் கெட ஆரம்பித்திருக்கும். படுகையை ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். பிடித்த உருண்டை உதிராமல் நின்றால் ஈரம் அதிகம். தண்ணீர்த் தொட்டி சிந்துகிறதா, கூரை ஒழுகுகிறதா என்று பார்த்துச் சரிசெய்து, காய்ந்த உமியோ மரத்தூளோ சருகோ தாராளமாகப் போடுங்கள். வாசனைத் தெளிப்பான் எதற்கும் உதவாது.

சேவல் வெளிச்சத்தைப் பார்த்துக் கூவுவதாக நினைத்து இருட்டில் மூடி வைப்பவர்கள் உண்டு. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் சேவல்களை மாறாத மங்கலான ஒளியில் வைத்துப் பார்த்தபோதும் அவை ஏறத்தாழ நாளுக்கொரு தாளத்தில், விடியல் நேரத்தை ஒட்டிக் கூவின. உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் அது. மூடி வைத்தால் வண்டி விளக்கைப் பார்த்தும் பிற சத்தத்தைக் கேட்டும் கூவுவது குறையும், விடியற்காலைக் கூவல் நிற்காது. நெருக்கமான வீடுகள் என்றால் சேவல் வேண்டாம் என்பதே என் முடிவு. முட்டையிடப் பெட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை.

சேவல் குழந்தையைத் துரத்துகிறது

ஓடினால் துரத்தும். பெரியவர் என்றால் ஓடாமல், அடிக்காமல், அதன் பக்கம் நிதானமாக நடந்து வழியை எடுத்துக்கொள்ளலாம். சில சேவல் அடங்கும். சின்னக் குழந்தைக்கு இந்தப் பயிற்சியெல்லாம் வேண்டாம். சேவல் எகிறினால் அதன் குதிமுள் வருகிற உயரத்தில்தான் குழந்தையின் கண் இருக்கிறது. ஒருமுறை குழந்தை மேல் பாய்ந்த சேவலை அன்றே தனியாக அடைத்து, சிறு பிள்ளைகள் இல்லாத இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

பிள்ளை வளர்த்த பிராணி செத்துவிட்டது

‘ஊருக்குப் போயிருக்கிறது’ என்று சொல்லாதீர்கள். செத்துவிட்டது என்று அந்தச் சொல்லாலேயே சொல்லுங்கள், என்ன ஆனது என்று தெரிந்த அளவு சொல்லுங்கள். ‘நான் நேத்து தண்ணி வைக்க மறந்தேன், அதனாலயா?’ என்ற கேள்வி வாய்விட்டு வராமல் உள்ளேயே இருக்கும். நீங்களே எடுத்துப் பேசுங்கள். அழுகிற பிள்ளைக்கு மறுநாளே புதுக் குஞ்சு வாங்கித் தர வேண்டாம். காரணம் நோயாக இருக்கலாம் என்பதால், இரண்டு மூன்று வாரம் பொறுத்துக் கூண்டைச் சுத்தம் செய்த பிறகு கொண்டுவருவதுதான் குஞ்சுக்கும் நல்லது.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு

மருத்துவரிடம் போகிறபோது வீட்டில் கோழி, ஆடு இருக்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பார்க்க ஆரோக்கியமாக இருக்கிற குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் குஞ்சை முத்தமிடுவதும், தொட்ட கையை வாயில் வைப்பதும்தான் வழக்கமான வழி. சோப்புப் போட்டுக் கை கழுவும் இடத்தைக் கொட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவில் அமையுங்கள், கொட்டில் செருப்பு வீட்டுக்குள் வர வேண்டாம். வட்டமாக, நடுவில் வெளிர்ந்து, ஓரம் சிவந்து அரிக்கிற படை பிள்ளையின் கையில் வந்தால், அது கொஞ்சுகிற ஆட்டுக்குட்டியின் முகத்தில் முடி உதிர்ந்த திட்டு இருக்கிறதா என்று பார்த்து இரண்டு பேருக்கும் சிகிச்சை செய்யுங்கள்.

விட்டு விட்டு வருகிற காய்ச்சல், மூட்டுவலி என்றால் பால் காய்ச்சாமல் குடிக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஆடு சினை கலைந்த வீடு என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், புருசெல்லா என்ற கிருமி ஆட்டிலிருந்து மனிதருக்கு இப்படித்தான் வரும். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் ஆடு குட்டி போடும்போதோ சினை கலையும்போதோ அவர் பக்கத்தில் போகவே கூடாது. நஞ்சுக்கொடியையும் நனைந்த படுகையையும் கையுறை போட்ட வேறொருவர் எடுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும், நாய்க்குப் போடக் கூடாது. சினைக்காலம் 150 நாள்போல. இனப்பெருக்கத்துக்கு விட்ட தேதியைக் கொட்டில் பலகையில் எழுதி வைத்தால், குட்டி போடுகிற வாரத்தில் அந்த வேலை யாருடையது என்று முன்கூட்டியே பேசிவைக்கலாம்.